கல்லூரி வகுப்புகளோடு கோலம் போடுவதையும் எப்படிச் சமாளிப்பது? வீட்டில் கோலத்தை விடச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு ஏதாவது அரியர் விழுந்திருக்கும், பழியைத் தூக்கிக் கோலத்தின் மேல் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் திருவாரூர் பக்கம். பொறியியல் படித்த நாலு வருடமும் காலேஜ் பஸ் காலை 7.10-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மார்கழியில் நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பேன். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை, அதாவது நடுவரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து 8 வரை வைத்தால் மொத்தம் 169 புள்ளி. அதைச் சிக்குக் கோலமாக வளைத்து முடிக்க ஒரு மணி நேரம். ஐந்தரைக்குக் கை கழுவியாகிவிடும். இதில் படிப்பு எங்கே கெட்டது?

வாசலில் உட்கார்ந்து யோசித்தால்தான் நேரம் போகும். அதனால் முந்தின ராத்திரியே நோட்டில் போட்டுப் பார்த்துவிடுவேன். ஒரு வளைவு மாறிப்போனால் இழை எங்கோ போய் முட்டி நிற்கும். ஈரத் தரையில் மாவைத் துடைத்தால் வெள்ளையாக இழுவிக்கொள்ளும், அப்புறம் அந்த இடம் தேறாது. பரீட்சை வாரத்தில் மட்டும் 5 புள்ளிக் கோலம், ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

மூன்றாம் வருடம் எனக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தது உண்மைதான். அது காலேஜ் விழாக்களுக்குப் போட்ட ரங்கோலியால் வந்தது. விருந்தினர் வருகிறார், ஆண்டு விழா, பொங்கல் விழா, எதுவானாலும் "அந்தக் கோலம் போடற பொண்ணைக் கூப்பிடு" என்பார்கள். ஒரு தடவை காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரை ஆடிட்டோரியம் வாசலில் முட்டி போட்டபடி கலர்ப்பொடி தூவினோம். வந்தவர்கள் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கபடி டீமுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) உண்டு. நாங்கள் கேட்டதற்கு, "இது என்ன ஸ்போர்ட்ஸா?" என்று பதில் வந்தது. 75 சதவீதத்துக்குக் கீழே போய் அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன். கபடி ஆடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் உடம்பை வருத்திக்கொண்டு ஆடியவர்கள்தான். எங்கள் ஏழு மணி நேரத்தை யாரும் உழைப்பாகவே எண்ணவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அதே செமஸ்டரில்தான் ஆட்டோமேட்டா பேப்பர், விதிப்படி இயங்கும் கணக்கு இயந்திரங்களைப் பற்றிய கணினிப் பாடம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சின்ன வடிவத்திலிருந்து விதிப்படி பெரியதை வளர்ப்பது என்று படித்ததும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 3 புள்ளியை 5, 7 என்று பெருக்கும்போது கை அதைத்தானே செய்கிறது! கோலம் போட்டால் மார்க் கொட்டும் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அந்த ஒரு பாடம் பயமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

அதனால் வீட்டு வாசலை விட்டுவிடாதீர்கள். காலேஜில் கூப்பிட்டால் மட்டும் ஓ.டி.யை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் மாவைத் தொடுங்கள். "டீச்சரிடம் எப்படிக் கேட்பது" என்று கூச்சப்பட்டுத்தான் நான் அபராதம் கட்டினேன்.

இப்போது சென்னையில் அடுக்குமாடி வீடு. கதவுக்கு முன்னால் மூன்றடி இடம், அதில் பாதியை எதிர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு பிடித்துக்கொண்டது. இரண்டு முறை சொல்லியும் நகர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மொட்டைமாடிக்குப் போய் 15 புள்ளி வைத்துவிட்டு வருகிறேன்.