வாசகர் கேள்வி: பூட்டிய ஊரை எப்படித் திறப்பது?

கொரோனாவைப் போல இன்னொரு பெருந்தொற்று வந்தால் இலங்கை அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சரிபாதி "பூட்டவே கூடாது" என்கின்றன. மற்றப் பாதி "ஈ, எறும்பு அசையாமல் பூட்டுங்கள்" என்கின்றன. திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அப்போது தொற்று இருந்தது பெரும்பாலும் மேல் மாகாணத்தில். எங்களையும் சேர்த்து அடைத்தது வீண்வேலைதானே?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை

அடைத்தது வீண் இல்லை. உள்நாட்டில் முதல் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டது மார்ச் 11இல். தொற்றி அறிகுறி தெரியச் சராசரியாக 5, 6 நாள்; சிலருக்கு 14 நாள் வரை. அதற்குப் பிறகு பரிசோதனை, பிறகு முடிவு. அதனால் இன்றைக்கு அறிவிக்கிற எண்ணிக்கை கிட்டத்தட்டப் பத்து நாளுக்கு முந்திய நிலவரம். கொழும்பிலிருந்து பஸ்ஸும் ரயிலும் வந்துகொண்டிருந்த ஊரில் "இங்கே இல்லை" என்று அடித்துச் சொல்ல அந்த நேரத்தில் போதிய பரிசோதனை இருக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒருவர் 5 நாளில் 2 பேருக்குக் கொடுத்தால், இன்றைய 10 புதிய தொற்றாளர் 20 நாளில் 160 ஆகிவிடுவார்கள். பூட்டிய பிறகு 10 பேர் 7 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று வைத்தால், 160 மறுபடி 10க்கு இறங்க 39 நாள் எடுக்கும். "இன்னும் ஒரு கிழமை பார்ப்போமே" என்று தயங்கினால், அந்த ஒரு கிழமைக்காகப் பிறகு இரண்டு கிழமை கூடுதலாகப் பூட்டிக் கிடக்க வேண்டும். பிந்திப் பூட்டுகிறவர்தான் நீண்ட நாள் பூட்டுகிறார். 2021இல் புத்தாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு ஏறிய அலைக்கு மே மாதம் பயணக் கட்டுப்பாடு வந்தது. டெல்டா பரவியபோது ஓகஸ்ட் 20இல் போட்ட ஊரடங்கு ஒக்ரோபர் 1 வரை நீண்டது.

2020இல் பிழை நடந்தது வேறு இடத்தில். நாட்கணக்கில் அடைத்துவிட்டுச் சில மணித்தியாலம் மட்டும் திறந்தார்கள். முழு ஊரும் ஒரே நேரத்தில் ஒரே மரக்கறிக் கடையில் நின்றது. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் கடை நேரத்தை நீட்ட வேண்டும். அரசு அதைச் சுருக்கியது. அதே ஆண்டு மே மாதம் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை வைத்து, திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4 என்று பிரித்தது அதைவிடப் புத்தியான வேலை.

எந்த எண்ணைப் பார்த்துத் திறப்பது? தினமும் தொலைக்காட்சியில் சொல்லும் தொற்றாளர் தொகை போதாதா?
– பலசரக்குக் கடைக்காரர், கிண்ணியா

போதாது. பரிசோதனையைக் குறைத்தால் தொற்றாளர் தொகை தானாகக் குறையும். நூறு பரிசோதனையில் எத்தனை தொற்று என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது இரண்டு கிழமை தொடர்ந்து 5 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதம் உலக சுகாதார அமைப்பு ஓர் அளவுகோல் வைத்தது. பரிசோதனை பரவலாக நடந்தால்தான் அந்த வீதத்துக்கும் மதிப்பு. சனி, ஞாயிறில் ஆய்வுகூட வேலை குறைவதால் ஒருநாள் எண்ணை விட்டுவிட்டு 7 நாள் சராசரியைப் பாருங்கள். மரணம் இரண்டு, மூன்று கிழமை பிந்தி வரும். அதைப் பார்த்துத் தீர்மானிப்பது, வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற கதை.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. புதிதாகத் தொற்றியவர்களில் எத்தனை பேர் ஏற்கனவே தனிமைப்படுத்தல் பட்டியலில் இருந்தவர்கள் என்பதுதான் அது. பெரும்பாலானோர் பட்டியலில் இருந்திருந்தால் தொற்றை நாங்கள் துரத்துகிறோம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாதவர்கள் கூடினால் அது எங்களைத் துரத்துகிறது.

இதற்குப் பொது சுகாதாரப் பரிசோதகர்கள் (பி.எச்.ஐ.) எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிட வேண்டும். நாளுக்கு 20 தொற்றாளர், ஒவ்வொருவருக்கும் 10 நெருங்கிய தொடர்பாளர், 14 நாள் கண்காணிப்பு என்றால், எந்த நேரமும் 2,800 பேர் பட்டியலில் நிற்பார்கள். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் உள்ள பி.எச்.ஐ.மார் டெங்கையும் உணவகத்தையும் பார்த்துக்கொண்டு இத்தனை வீட்டுக்கும் போக முடியாது. ஆகவே "எங்கள் பிரிவால் இத்தனை பேரைத்தான் துரத்த முடியும், அதைத் தாண்டினால் இன்னின்னது மூடும்" என்று திறக்கும் நாளிலேயே எழுதி ஒட்ட வேண்டும். மூடும் வரிசையைச் சொல்லாமல் திறந்தால், மறுபடி மூடும்போது சண்டைதான் வரும்.

2020 ஒக்ரோபரில் கொழும்பை அடுத்த பேலியகொட மீன் சந்தைக் கொத்தணிக்கு (ஒரே இடத்திலிருந்து பலருக்குப் பரவிய தொற்றுக்கு)ப் பிறகு எங்கள் மீனை யாரும் வாங்கவில்லை. மீனில் கிருமி வந்ததா?
– கடற்றொழிலாளி, திருக்கடலூர்

மீனில் வரவில்லை, ஆட்களில் வந்தது. நெருக்கியடித்து நின்று, உரக்கக் கத்தி விலை பேசி, நாடு முழுவதும் இருந்து வந்த லொறிகள் ஒரே இரவில் திரும்பிப் போன இடம் அது. முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சாப்பிடுகிறவர்களின் பயம் அதனால் கொஞ்சம் தெளிந்திருக்கலாம். சந்தையின் கூரைக்குக் கீழே நடந்தது என்ன என்பதை அது யாருக்கும் விளக்கவில்லை.

மொத்தச் சந்தையை ஒரே அடியாக மூடினால் அதே வியாபாரிகள் பத்துச் சின்னச் சந்தைக்குப் பிரிந்து போவார்கள், கூடவே தொற்றும் போகும். செய்ய வேண்டியது வேறு. ஏலம் கூரைக்குள் வேண்டாம், கரையில் திறந்த வெளியில் நடக்கட்டும். படகுகள் அரை மணி இடைவெளியில் மீன் இறக்கட்டும். வெளி மாவட்ட லொறிச் சாரதி ஆசனத்தை விட்டு இறங்காமல் இருக்க, பெட்டியை உள்ளூர் ஆட்கள் ஏற்ற வேண்டும். லொறி இலக்கமும் சாரதியின் தொலைபேசி எண்ணும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதப்பட வேண்டும். அந்தக் கொப்பி இருந்தால் ஒரு தொற்றாளர் தெரிந்த அன்றே தொடர்பாளரைப் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் முழுச் சந்தையையும் மூட வேண்டியதுதான். சாரதிகளுக்கு வாராந்தம் அன்டிஜன் பரிசோதனை செய்வது கரையை மூடுவதைவிட மலிவு.

சந்தை வாசலில் ஆளுக்கு மருந்து தெளிக்கும் கூண்டு வைப்பார்களானால் அந்தப் பணத்தை முகக்கவசத்துக்குக் கேளுங்கள். சட்டையில் குளோரின் தெளித்தால் சுவாசத்தில் உள்ள கிருமி சாகாது. கண்ணும் தோலும்தான் எரியும். ஆட்கள் மீது தெளிக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதமே சொல்லிவிட்டது.

தொற்றில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) எரித்ததற்கு விஞ்ஞானக் காரணம் ஏதாவது இருந்ததா?
– வாசகி, மூதூர்

இல்லை. அடக்கம் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் இருந்தது. 2020 ஏப்ரலில் எரிப்பு கட்டாயமானது; 2021 பெப்ரவரி வர்த்தமானிக்குப் பிறகு மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. நோய்த் தடுப்பென்று பார்த்தாலும் அது தலைகீழ் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாப்பாவின் உடலைத் தரமாட்டார்கள் என்று பயப்படுகிற குடும்பம் காய்ச்சலை மறைக்கும். மறைத்த காய்ச்சலை எந்தப் பரிசோதகராலும் துரத்த முடியாது.

முதலில் மூடியது பள்ளிக்கூடம், கடைசியில் திறந்ததும் பள்ளிக்கூடம். இது நியாயமா?
– ஆசிரியை, தம்பலகாமம்

நியாயம் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பு பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நம் பக்கத்து அரைச்சுவர் வகுப்பறை ஏழ்மையின் அடையாளம் போலத் தோன்றலாம்; இந்த நோய்க்கு அது நல்ல கட்டடம். ஆளுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்பது கணக்கு. 40 பிள்ளைகளுக்கு 400 லீற்றர். எதிரெதிர்ப் பக்கம் திறந்திருந்து காற்று வீசினால் அது சாதாரணமாகக் கிடைக்கும். கதவடைத்து ஏ.சி. போட்ட டியூசன் மண்டபத்தில் கிடைக்காது, ஏனென்றால் சுவர் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிக் குளிராக்குகிறது. மேசை துடைப்பதில் காட்டுகிற அக்கறையைச் சன்னலில் காட்டுங்கள். பாதி வகுப்பு ஒரு கிழமை, மறு பாதி அடுத்த கிழமை என்று மாற்றி அழைத்தால், ஒரு பிள்ளைக்கு வந்தாலும் அந்தப் பாதியை மட்டும் வீட்டில் இருத்தலாம்.

சுவீடன் பூட்டாமலே சமாளித்ததே! எங்களுக்கு மட்டும் ஏன் 5,000 ரூபா நிவாரணமும் ஊரடங்கும்?
– மேசன் தொழிலாளி, சீனக்குடா

சுவீடனும் கூட்டங்களுக்கு 50 பேர் என்றும், பின்னர் 8 பேர் என்றும் வரம்பு போட்டது. முதியோர் இல்லங்களில் பெரிய விலையும் கொடுத்தது. அதைவிட முக்கியம், அங்கே சுகவீன விடுப்பின் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்க அரசு வழி செய்தது. காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருக்கக் கட்டுப்படியானது. உங்களுக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

2020 ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்த 5,000 ரூபாவை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 167 ரூபா. தொகை சிறியது என்பதைவிடப் பட்டியல்தான் பெரிய பிழை. சமுர்த்தி என்ற அரச வறுமை நிவாரணத் திட்டத்தின் பட்டியலில் பெயர் இல்லாத கூலிக்காரர், வாக்காளர் இடாப்பு ஓர் ஊரிலும் குடியிருப்பு இன்னோர் ஊரிலுமாக இருப்பவர், வாடகை வீட்டுக்காரர் எல்லாரும் கிராம சேவகர் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார்கள். ஊரடங்கு நாளில் அலைச்சலும் வரிசையும் என்றால் அதுவே கொத்தணி. நாட்கூலிக்காரர் பட்டியல் தொற்று வருமுன்னே இருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்குக்கோ வீட்டுக்கோ, அறிவித்த அன்றே வர வேண்டும்.

நிலாவெளியில் விடுதி வைத்திருக்கிறேன். கடன் தவணையை ஒத்திவைத்தது நிவாரணம்தானே?
– விடுதி உரிமையாளர், நிலாவெளி

ஒத்திவைத்த தவணைக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். விமான நிலையம் 2021 ஜனவரியில் திறந்தது தென்கரைப் பருவத்துக்கு உதவியிருக்கலாம்; உங்கள் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அந்த ஐந்து மாதம் போனால் வருடமே போச்சு. கிழக்குக்கான விதிகளை மார்ச்சுக்குள் அறிவிக்கும்படி கேளுங்கள்.

வீட்டில் நோட்டிஸ் ஒட்டி 14 நாள் அடைக்க அதிகாரம் இருக்கிறதா?
– வாசகர், குச்சவெளி

இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் அது. முகக்கவசமும் இடைவெளியும் 2020 ஒக்ரோபர் வர்த்தமானியில் அதன் கீழ்தான் வந்தன. அப்போது அவற்றை மீறினால் 10,000 ரூபா வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று இருந்தது. கொள்ளைநோய்க் காலத்துச் சட்டம் அது. ஊர் முழுவதையும் மாதக்கணக்கில் அடைப்பதற்கு எழுதப்பட்டதல்ல.

நோட்டிஸ் ஒட்டினால் தொடங்கும் திகதி, முடியும் திகதி, கையொப்பமிட்ட அதிகாரி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முடியும் திகதி இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிரிவின் பரிசோதனை எண்ணிக்கையை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சார்ந்த தகவலானால் 48 மணித்தியாலம். கடிதத்தில் அந்தக் காரணத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள்.