பேரை வெட்டவா, பேசாமல் விடவா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கப் பொருளாளர், கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகச் சங்கப் பணத்தை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிட்டார். கணக்கு பார்க்கும் முன்பே தானாக வந்து, அழுது ஒப்புக்கொண்டார். பாதிப் பணத்தைக் கட்டியும்விட்டார். சிலர் ‘பேரை வெட்டு’ என்கிறார்கள். சிலர் ‘நியாயந்தீர்க்காதிருங்கள் என்று வேதம் சொல்கிறதே, பேசாமல் விடுங்கள்’ என்கிறார்கள். அந்த அக்கா இரண்டு மாதமாகக் கோயிலுக்கே வரவில்லை. எது சரி? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அவர் வீட்டுக்கு யாராவது போனார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. யாரும் போகவில்லை என்றே பயப்படுகிறேன்.

‘நியாயந்தீர்க்காதிருங்கள்’ என்பது மத்தேயு 7-இன் முதல் வசனம். ஐந்தாம் வசனம் வரை வாசியுங்கள். உன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்க்கலாம் என்கிறார் இயேசு. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. கண்ணில் தூசி உறுத்துகிறவரைப் பார்த்தும் பேசாமல் போவது அன்பாகுமா?

கலாத்தியர் 6:1-இல் பவுல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்கிறார். யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் இடத்திலும் மூலமான கிரேக்கத்தில் இதே வினைச்சொல்தான். வலை கிழிந்துவிட்டது என்று மீனவர் அதைக் கடலில் வீசுவதில்லை. கிழிசலோடு மீன்பிடிக்கவும் போவதில்லை. மடியில் போட்டு, எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். விவேகம் என்று நான் சொல்வது அந்தத் தடவிப் பார்த்தலைத்தான்.

திருச்சபை இதை மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றான். (அந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தில் பப்பைரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன.) வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரச் சபையில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்ததும் இவர்களை என்ன செய்வது என்ற சண்டை வந்தது. சபை இவர்களை ஒருபோதும் திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார் ரோம் சபையின் மூப்பர் நோவாஷியன். உடனே திருவிருந்து கொடுங்கள் என்றார்கள் வேறு சிலர். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் இரண்டுக்கும் இணங்கவில்லை. 251-இல் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே விசாரிக்க முடிவு செய்தார்கள். சான்றிதழ் வாங்கியவருக்கு ஒரு வழி, பலியிட்டவருக்கு நீண்ட மனந்திரும்புதலின் வழி. அடுத்த உபத்திரவம் நெருங்குகிறது என்று தெரிந்தபோது, பலியிட்டுவிட்டு அதுவரை மனந்திரும்பிக் காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தள்ளாத, அவசரப்படாத பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் அக்காவுக்கு வருவோம். பிடிபடும் முன்பே ஒப்புக்கொண்டவர், பாதியைத் திருப்பியவர். மீதியை மாதாமாதம் எவ்வளவு கட்டுவார் என்று அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் வேறொருவர் கைக்குப் போகட்டும். மன்னிப்பது வேறு, பணப்பொறுப்பை உடனே திரும்பக் கொடுப்பது வேறு. பொறுப்பை எடுப்பது அவருக்கே பாதுகாப்பு. ஆனால் பேரை வெட்டுவதற்கு இங்கே என்ன காரணம்?

‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் இது வாட்ஸாப் குழுவில் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து என்கிறது மத்தேயு 18. அந்தத் தனிமை அவருடைய மானத்தைக் காப்பதற்கு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழந்தையிடம் அத்துமீறிய ஒருவரைச் ‘சாந்தமாகச் சீர்ப்படுத்துகிறோம்’ என்று போதகர் அறையில் வைத்து முடிப்பது பாவம். 2012-இன் போக்சோ சட்டப்படி அதைப் புகார் செய்யாமல் மறைப்பது குற்றமும்கூட.

தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார்: தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள். இரண்டு மாதமாக வராத பெண் அப்படி அமிழ்ந்துகொண்டிருக்கலாம். அவருக்குப் பிடித்த ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போங்கள். முதலில் கணவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பணத்தைப் பற்றி அவரே எடுத்தால் பேசுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பேசிக்கொள்ளலாம்.