சாம்சங் ஏ36, ரெட்மி நோட் 14, பாவித்த ஐபோன்: திருகோணமலையில் இருக்கிறவர் எதை எடுக்கலாம்?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: நிலாவெளிப் பக்கம் வேலை, பகல் முழுக்க வெளியில், மோட்டார் சைக்கிள் ஓட்டம். போன் மூன்று நான்கு வருடம் தாங்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி ஏ36, ரெட்மி நோட் 14, பாவித்த ஐபோன் 12 அல்லது 13, இதற்குள் எது?

முதலே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கம்பனிக்கும் ஆள் இல்லை. ஐபோனைப் பற்றி ஒரு வரி குறைத்து எழுதினால் "வாங்க வசதியில்லை, அதுதான் எரிச்சல்" என்று கீழே வந்து எழுத ஒரு கூட்டம் இருக்கிறது. ரெட்மி என்ற பெயரைக் கண்டாலே "சீனாச் சாமான்" என்று சொல்ல இன்னொரு கூட்டம். ஐபோனும் பெரும்பாலும் சீனாவில்தான் பொருத்தப்படுகிறது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

உங்கள் வேலைக்கு என் தெரிவு புது ஏ36. காரணம் கமராவும் இல்லை, வேகமும் இல்லை, தண்ணீர். ஏ36க்கு ஐபி67 என்ற தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி இருக்கிறது: தூசி உள்ளே போகாது, ஒரு மீற்றர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்தது. நோட் 14இன் 4ஜி மொடலுக்கு ஐபி54. மழைத் தூறலும் தெறிக்கிற தண்ணீரும் பரவாயில்லை, முங்கினால் பொறுப்பில்லை என்பதுதான் அதன் பொருள். வாடைக் காலத்தில், ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை, சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் பெரியது.

ஆனால் ஐபி67, ஐபோன் 12, 13க்கு உள்ள ஐபி68 எல்லாம் நல்ல தண்ணீருக்குத்தான். கடல் தண்ணீருக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பு எடுப்பதில்லை; தண்ணீர் போன பழுதுக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. உப்பு காய்ந்த பிறகுதான் வேலையைக் காட்டும். சார்ஜ் வாயில் ஈரமும் உப்பும் இருக்கும்போது வயரைச் செருகினால், உள்ளே மின்சாரம் ஓடுகிற உலோகப் பின் முனைதான் முதலில் அரிக்கும். ஐபோன் 14 வரைக்குமான லைட்னிங் வயரை எடுத்துப் பாருங்கள்: எட்டுப் பின்னில் நடுப் பக்கமாக ஒன்று மட்டும் கறுத்துப் போயிருக்கும். அதுதான் மின்சாரம் போகிற பின். அந்த வயரையே திரும்பத் திரும்பப் பாவித்தால் போன் பக்கத்துப் பின்னும் கெடும். டைக் வீதிப் பக்கம் போல கடலை ஒட்டிய வீடுகளில், தண்ணீரில் விழாமலே உப்புக் காற்றுக்கு இது நடக்கும்.

போன் கடலில் விழுந்தால் உடனே ஓஃப் செய்யுங்கள், கவரைக் கழட்டுங்கள். ஐபி67 அல்லது 68 உள்ள, ஒரு முறையும் திறக்காத போன் என்றால், மெதுவாக ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள். வாயைக் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டித் தண்ணீரை வெளியேற்றி, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். முழுக்கக் காய ஒரு நாள் எடுக்கலாம். அதுவரை சார்ஜ் வேண்டாம். ஐபி54 போனைக் கழுவ வேண்டாம், அன்றைக்கே திறக்கக் குடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் உள்ளே உள்ள சர்க்கியூட் போர்டில் பச்சை பிடித்துவிடும். அரிசிக்குள் புதைப்பதை ஆப்பிளே செய்யவேண்டாம் என்று சொல்கிறது. அரிசித் தூள் வாய்க்குள் போய் அடைவதுதான் மிச்சம்.

அடுத்தது டச். கண்ணாடிக்குக் கீழே உள்ள மெல்லிய மின் வலையில் விரல் ஏற்படுத்துகிற மாற்றத்தை அளப்பதுதான் டச்சின் வேலை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், திரையில் நிற்கிற ஒரு துளி கடல் தண்ணீரும் போனுக்கு ஒரு விரல்தான். ஆகவே ஈரக் கையோடு டச் தடுமாறுவது பழுது இல்லை, மூன்று போனிலும் அது நடக்கும். காய்ந்த திரையிலும் தானாக அமர்ந்து அப் எல்லாம் திறந்தால் முதலில் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கள். கழட்டியதும் நின்றால் டிஸ்ப்ளேயில் குற்றம் இல்லை. மலிவுச் சார்ஜர் கரண்டை வடிகட்டாமல் அனுப்புகிறது. இதைச் சோதிக்காமல் டிஸ்ப்ளே மாற்றக் காசு குடுக்கிறவர்கள் கனபேர்.

நல்ல டச்சா என்று பார்க்க சாம்சங்கில் டயல் பக்கத்தில் *#0*# அடியுங்கள், சோதனைப் பக்கம் வரும். டச் என்பதை அமர்த்தி, கட்டங்களை விரலால் நிரப்புங்கள். ஏதாவது ஒரு கட்டம் நிரம்பாவிட்டால் அந்த இடம் செத்திருக்கிறது. ரெட்மிக்கு *#*#6484#*#*. ஐபோனில் இப்படி இல்லை. ஒரு அப் ஐக்கனைப் பிடித்துத் தூக்கி, விரலை எடுக்காமல் திரை முழுக்க மேலும் கீழும் இழுங்கள். நடுவில் ஐக்கன் விழுகிற இடத்தில் டச் இல்லை.

ஏ36, நோட் 14, ஐபோன் 12, 13 நான்கிலும் ஓலெட் வகைத் திரை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கண்ணாடி மட்டும் உடைந்தாலும் பெரும்பாலான கடைகளில் முழு டிஸ்ப்ளேயைத்தான் மாற்றுவார்கள். ஆகவே போன் வாங்க முதல் அந்த மொடலின் ஒரிஜினல் டிஸ்ப்ளே என்ன விலை, ஊரில் கிடைக்குமா, கொழும்பில் இருந்து வரவேண்டுமா என்று திருத்துற கடையில் கேளுங்கள். போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் வாங்கமாட்டேன். மலிவாகச் சொன்னால் அது பின்னால் விளக்கு எரிகிற கொப்பி எல்சிடியாக இருக்கும். கண்டுபிடிக்க லேசு: இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தால் ஓலெட் அணைந்த மாதிரிக் கிடக்கும், எல்சிடி சாம்பலாக ஒளிரும். ஏ36, நோட் 14 இரண்டிலும் விரல் ரேகை பார்ப்பது திரைக்குக் கீழே. எல்சிடி போட்டால் அது வேலை செய்யாது.

இதைச் சொல்லும்போது ஒன்று: திருத்துறவர்கள் எல்லாரும் ஒரிஜினல் பாகத்தைக் கழட்டி வைத்துக்கொள்கிற கள்ளர் என்று ஒரு கதை ஊரெல்லாம் ஓடுகிறது. ஏற்கனவே இரண்டு கை மாறி, இரண்டு முறை திறந்த போனைக் கொண்டுவந்து குடுத்துவிட்டு, கடைசியாகத் தொட்டவனைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? குடுக்க முதல் போனைப் படமெடுத்து, சீரியல் இலக்கத்தை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

பாவித்த ஐபோனுக்கு வருவோம். ஐபோன் 12 வெளிவந்தது 2020, 13 வெளிவந்தது 2021. எடுத்தால் 13, பற்றரி பெரியது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்ததானாலும் சரி, கடையில் எடுத்தாலும் சரி, காசு குடுக்க முதல் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் எபவுட். கரியர் லொக் என்ற இடத்தில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கனடாக் கம்பனிக்கோ பிரித்தானியக் கம்பனிக்கோ பூட்டின போன், டயலொக் சிம்மும் மொபிடெல் சிம்மும் ஓடாது. அதே பக்கத்தில் மொடல் இலக்கம் M எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்றது, F என்றால் கம்பனி புதுப்பித்து விற்றது, N என்றால் பழுதான போனுக்குப் பதிலாகக் குடுத்தது. பாகம் மாற்றியிருந்தால் "பார்ட்ஸ் அண்ட் சேர்விஸ் ஹிஸ்டரி" என்று ஒரு பகுதி வரும். "அன்நோன் பார்ட்" என்றால் கம்பனிப் பாகம் இல்லை. செட்டிங்ஸில் திரை வெளிச்சத்துக்குள் ட்ரூ டோன் (சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை நிறத்தை மாற்றுவது) காணாமல் போயிருந்தால் டிஸ்ப்ளே மாறியிருக்கும்.

பிறகு சிம் தட்டை இழுத்து, ஓட்டைக்குள் டோர்ச் அடியுங்கள். உள்ளே சிறு அடையாளம் ஒன்று இருக்கும். வெள்ளையாக இருந்தால் நல்லது, சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விற்கிறவர் என்ன சத்தியம் செய்தாலும் கேட்க வேண்டாம். பேஸ் ஐடியை அழித்துவிட்டு உங்கள் முகத்தைப் பதிந்து பாருங்கள். பற்றரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள். கடைசியாக உங்கள் கண் முன்னே போனை முழுக்க அழிக்கச் சொல்லுங்கள். திரும்ப எழும்பும்போது பழைய ஆளின் ஆப்பிள் ஐடியைக் கேட்டால் அந்தப் போன் உங்களுக்கு இல்லை, எவ்வளவு குறைத்துத் தந்தாலும்.

இவ்வளவும் சரியானாலும் ஒன்று மிஞ்சும். ஒரு முறை திறந்த போனில் ஓரத்துப் பசை பழையபடி ஒட்டியிருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, ஐபி68 அதோடு போச்சு. அதனால்தான் கடற்கரையில் வேலை செய்கிறவருக்குப் பாவித்த ஐபோனை நான் சொல்வதில்லை. இன்னொன்று வெயில். ஐபோனை 35 பாகைக்கு மேல் சூடான இடத்தில் பாவிக்க வேண்டாம் என்று ஆப்பிள் சொல்கிறது. கச்சான் காற்றுக் காலத்து மத்தியானத்தில் எங்களுக்கு நிழலிலேயே அந்த அளவு வரும். திரை மங்கும், சார்ஜ் நிற்கும். மற்றப் போன்களும் சூட்டுக்கு மங்கும்தான். ஆனால் பெரிய மோட்டார் சைக்கிளின் கைபிடியில் ஐபோனைப் பூட்டி ஓடினால் அதிர்வுக்கு கமரா கெடலாம் என்று ஆப்பிள் தனியாகவே எச்சரித்திருக்கிறது.

நோட் 14 எப்போது? கடை, கந்தோர் என்று உள்ளே இருக்கிற வேலை, காசு இறுக்கம், மெமரி கார்ட் வேண்டும், பழைய இயர்போன் வயர் செருக வேண்டும் என்றால் அது நல்ல போன். 4ஜி மொடலில் 5500 மில்லி அம்பியர் மணிப் பற்றரி, ஏ36இன் 5000ஐ விடக் கூட. ஏ36இல் கார்ட் போட இடமே இல்லை, ஆகவே 256 ஜிபி எடுங்கள். 128 வாட்ஸ்அப் காலை வணக்கப் படங்களுக்கே காணாது. ஏ36க்கு சாம்சங் 6 வருடம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது, ரெட்மி அவ்வளவு தூரம் போகாது.

எதை எடுத்தாலும் கடையை விட்டு இறங்க முதல் *#06# அடித்து வருகிற 15 இலக்கம் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.

சார்ஜர் பெட்டியில் இல்லாவிட்டால் ஏ36க்கு 45 வாட் டைப்-சி சார்ஜர் தனியாக வேண்டும். சதுர மூன்று பின் ப்ளக் உள்ளதாகவே கேட்டு எடுங்கள். இரண்டு பின் ப்ளக்கை, மேல் ஓட்டையில் பேனையைக் குத்தி, சொக்கெட்டுக்குள் ஏற்றினால் தளர்ந்து பொறி பறக்கும், சார்ஜரும் கெடும், சொக்கெட்டும் கருகும்.