இதயம் பிடிக்கும் என்பதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருந்தார். மகள் பயோ-மேத்ஸ் குரூப், கணக்கில் கெட்டி. இரண்டாவது முறையாக நீட் எழுதியிருக்கிறாள், ஆன்சர் கீ வைத்துக் கூட்டிப் பார்த்ததில் அரசு இடம் கிடைக்கிற மார்க் வராது போலிருக்கிறது. பாட்டி மாரடைப்பில் போனதிலிருந்து ஹார்ட் பற்றித்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. தாய்மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சீட் பேசிவிட்டார், வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் போடுவது மட்டும்தான் பாக்கி. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "டாக்டரானால்தான் ஆராய்ச்சி பண்ண முடியுமா என்று பாப்பா கேட்கிறாள், அவளுக்கு உலகம் தெரியவில்லை."

அண்ணா, பாப்பாவுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்பதையெல்லாம் நான் சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தால் கோடி. அதுவும் வெறும் எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம், அப்புறம் எம்.டி. மூன்று, அதற்கப்புறம் இதய நிபுணர் ஆவதற்கான டி.எம். கார்டியாலஜி மூன்று. நடுவில் இரண்டு பெரிய நுழைவுத் தேர்வுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வருடக்கணக்கில் நிற்கிறார்கள் என்று மாமாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வருடம்கூட வீணாகாமல் போனாலே முப்பது வயதாகிவிடும். மெரிட்டில் அரசு இடம் கிடைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள் என்பேன். கிடைக்கவில்லை என்றால் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். அவள் கேட்டது ஸ்டெதாஸ்கோப்பே இல்லை என்கிறபோது எதற்காக ஒரு கோடி?

இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். எந்த மாமாவும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். புள்ளியியல். சிரிக்காதீர்கள், ஹார்ட்டுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன்.

"வயசானால் பி.பி. கொஞ்சம் ஏறத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா, ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-இல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய பி.பி. 300-க்கு 190. அவ்வளவு பெரிய மனிதருக்கே அதைக் குறைக்க அன்று வழி தெரியவில்லை. 1948-இல் அமெரிக்க அரசு தேசிய இதயச் சட்டம் கொண்டுவந்தது, அதே வருடம் பாஸ்டன் பக்கத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் ஓர் ஆய்வும் தொடங்கியது. 5,209 பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். வைத்தியம் எதுவும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு பி.பி., கொழுப்பு, சிகரெட், எடை எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள், யாருக்கு எப்போது மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்தார்கள், அவ்வளவுதான். 1961-இல் வந்த கட்டுரை, பி.பி.யும் கொழுப்பும் ஏறியவர்களுக்கு இதய நோய் ஆபத்து அதிகம் என்று எண்களோடு சொன்னது. இன்று உங்கள் ஊர் டாக்டர் "ரிஸ்க் இருக்கு, உப்பைக் குறைங்க" என்கிறாரே, அந்தப் பேச்சுக்கு அடி இங்கேதான். 1971-இல் அந்த மக்களின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-இல் பேரப்பிள்ளைகளை. இன்னும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது.

இந்த மாதிரி வேலையைக் கம்பெனிகள் செய்யாது. பதில் வரப் பத்து, இருபது வருடம் ஆகும், வந்த பதிலை மாத்திரையாக விற்கவும் முடியாது. அதனால் அரசு பணம் போட்டால்தான் உண்டு. அந்தப் பணத்தில் நடக்கும் வேலையில் பாதி டாக்டர் வேலையே இல்லை. பல காரணங்களை ஒரே கணக்கில் சேர்த்து ஒருவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் முறை இருக்கிறதே, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதை 1967-இல் ஃபிரேமிங்ஹாமின் 12 வருடத் தகவல்களில் போட்டுக் காட்டியவர்களில் ஜெரோம் கார்ன்ஃபீல்டு ஒரு புள்ளியியல்காரர்தான். நம் வேலூரிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைத்து, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு தேடிப்பிடித்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள், பிழைப்புக்குத் திருப்பூர், பெங்களூரு போனவர்கள், இவர்களையெல்லாம் விட்டுவிட்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யோசிப்பதும் புள்ளியியல்காரர் வேலைதான்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்குக் காட்ட ஓர் உதாரணம். களப்பணியாளர் ஒருவர் கிராமத்தில் பி.பி. எடுத்துக்கொண்டு வருகிறார். பாதரசக் கருவியில் இரண்டு இரண்டாகக் கோடு, அதனால் அளவுகள் 0, 2, 4, 6, 8 எல்லாவற்றிலும் ஏறக்குறைய சமமாக முடிய வேண்டும். இவர் தாளில் 120, 130, 140, 130 என்று வரிசையாகப் பூஜ்யம். எவர் உடம்பும் இவருக்காக ரவுண்டாக ஓடாது, இவர்தான் ரவுண்டாக்குகிறார். 138 இருக்கிற ஆள் 140 ஆகி, பி.பி. நோயாளிப் பட்டியலில் ஏறிவிடுகிறார். இப்படி நூறு பேர் ஏறினால் ஆய்வின் முடிவே மாறிவிடும். கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வரைபடம் போட்டு இதைப் பிடித்து, அந்த மனிதரின் மனம் நோகாமல் மறுபடி பயிற்சி கொடுக்கச் சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் பாப்பாவுக்கு "அட" என்று தோன்றினால் அவள் இந்த வேலைக்கு ஆள். கொட்டாவி வந்தால் விட்டுவிடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம்.

படிப்பு இப்படிப் போகும். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி மூன்றிலும் பி.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அவள் படித்தது அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்று வருடம் அடிப்படையைச் சுத்தமாகப் படிக்கட்டும், கூடவே ஆர் என்கிற மென்பொருள், அது இலவசம். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் இரண்டு வருட எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல். கணக்கில் உண்மையிலேயே புலி என்றால் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட் என்கிற முதுநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம், கல்விக் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கிற இடம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் என்றால் செயற்கை இதய வால்வு நினைவுக்கு வரும், அதே நிறுவனத்தில் அச்சுத மேனன் மையம் என்று பொதுச் சுகாதாரத்துக்கே ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. பிஎச்.டி.க்கு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. அதாவது நீங்கள் கட்டுவதில்லை, அவளுக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, மாமா கேட்பார்: நிரந்தர அரசு வேலையா? இல்லை. மழுப்ப மாட்டேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அமைப்புகளின் பணத்தில் நடக்கும் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஃபிரேமிங்ஹாமையே 1960-களின் கடைசியில் போதும் என்று மூடப் பார்த்தார்கள், தனியார் நன்கொடை திரட்டித்தான் காப்பாற்றினார்கள். 2013-இல் அமெரிக்க அரசு செலவைச் சுருக்கியபோது அதன் ஒப்பந்தத் தொகையில் சுமார் 40 சதவீதம் போனது. 2025 ஏப்ரலில், 1,60,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 1990-களில் தொடங்கிய மகளிர் உடல்நல ஆய்வின் பல்கலைக்கழக மையங்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்வதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கினார்கள். மூன்று தலைமுறையைப் பார்க்கிற ஆய்வுக்கு வருடா வருடம் பட்ஜெட் பார்த்துப் பணம் கொடுப்பது என்ன நியாயமோ, அது வேறு சண்டை.

அதனால்தான் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். கடன் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பாதீர்கள், பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டால் மட்டும் போகட்டும். இரண்டாவது, கார்டியோ, ஜினோமிக்ஸ் என்று பளபளப்பாகப் பெயர் வைத்து லட்சங்களில் வாங்கும் தனியார் இளநிலைப் படிப்புகளில் சேர்க்காதீர்கள். இதய ஆய்வுக்குப் பணம் நின்றால் அந்தப் பட்டத்துக்கு வேறு கதவு கிடையாது. புள்ளியியல் படித்தவளுக்கு உண்டு. மருந்துப் பரிசோதனை நடத்தும் நிறுவனங்கள், இன்ஷூரன்ஸ், வங்கி என்று எங்கேயும் போய்விட்டு, பணம் வந்ததும் இதயத்துக்கே திரும்பி வரலாம்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே திறந்து சீக்கிரம் மூடிவிடும். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த வாரமே போடுங்கள். கட்டணத்தை அவள் கையாலேயே கட்டச் சொல்லுங்கள், பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் நீங்களும் மாமாவும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.