க்யூட் தேர்வு: எந்தப் பாடங்களை எடுப்பது?

அன்புள்ள அக்கா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். தமிழ் மீடியம், கணிதம்-உயிரியல் குரூப். டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஹானர்ஸ் சேர ஆசை. அதற்கு க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மாமா, "பொருளாதாரம் படிக்கப் போறவ க்யூட்ல அதைத்தானே எழுதணும்? கணக்கு கஷ்டம், அதுக்குப் பதிலா பொது அறிவெல்லாம் கேக்குற ஜெனரல் டெஸ்ட் எடு" என்கிறார். கெமிஸ்ட்ரி எனக்குச் சுமார்தான். எதை எடுப்பது?

தே.

அன்புள்ள தே,

மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னபடி விண்ணப்பித்தால் நீ ஆசைப்படும் அந்தப் படிப்புக்கே தகுதி இல்லாமல் போய்விடும். பாடத்தை முதலில் எடுத்துவிட்டு அதற்கு என்ன படிப்பு கிடைக்கும் என்று தேடக் கூடாது, படிப்பை முடிவுசெய்துவிட்டு அது என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். டெல்லியில் பொருளாதாரம் ஹானர்ஸுக்குக் கேட்பது ஒரு மொழி, கணிதம், அப்புறம் அவர்கள் பட்டியலில் உள்ள பாடங்களில் ஏதாவது இரண்டு. ஜெனரல் டெஸ்ட் அந்தக் கணக்கிலேயே வராது. பொருளாதாரத் தாளும் உனக்கு வேண்டாம். பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்று இந்தத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை 2025-ல் அனுமதித்தது உண்மைதான், ஆனால் டெல்லி பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறது. இயற்பியலும் உயிரியலும் எழுதியே நீ பொருளாதாரத்துக்குப் போகலாம். ஒவ்வொரு தாளுக்கும் 250 மதிப்பெண், நான்கு தாளுக்கு 1000. உயிரியலில் வாங்கும் ஒரு மதிப்பெண்ணுக்கும் கணிதத்தில் வாங்கும் ஒரு மதிப்பெண்ணுக்கும் அங்கே ஒரே மதிப்புதான்.

மொழிக்குத் தமிழையே எடு. அங்கே போய்த் தமிழா என்று தயங்காதே, அவர்களின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, சொல்வளம் என்று போகும் தாள் அது, நன்றாகத் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அதை விடக் காரணமே இல்லை. ஐந்தாவது இடத்தில் ஆங்கிலத்தைப் போடு, வேறு பல்கலைக்கழகங்களில் சில படிப்புகளுக்கு அதைக் கேட்பார்கள். கெமிஸ்ட்ரியை விட்டுவிடலாம்.

இனி கணிதம். 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் இந்தத் தேர்வே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி பாடத்தை வைத்துக் கேள்வி கேட்டால் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பின்தங்குவார்கள் என்பது அதில் முக்கியமான காரணம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீ இந்த வருடமே எழுத வேண்டியிருக்கிறது, அதனால் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போ. நீ பிளஸ் டூவில் முட்டி மோதிப் படிக்கும் கலப்பெண்களும் கூம்பு வளைவுகளும் என்சிஇஆர்டியில் பதினோராம் வகுப்புப் பாடம், க்யூட்டில் வராது. அணிக்கோவை, நிகழ்தகவில் பேயிஸ் தேற்றம் இதெல்லாம் நமக்குப் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிட்டது, அங்கே பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை யாருக்காவது கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு! நேரியல் திட்டமிடல் மட்டும் உன் கணிதப் புத்தகம் இரண்டிலுமே கிடையாது, காமர்ஸ் குரூப் படிக்கும் தோழியிடம் பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தை வாங்கிப் பார், அதில் இருக்கிறது. சின்னப் பாடம்தான், வரைபடம் போட்டு மூலைப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும்.

சீனியர்கள் சொல்வதைத் தேதி பார்த்துக் கேள். 2024-ல் ஆறு பாடம் எழுதலாம், பெரும்பாலான தாள்களில் 50 கேள்வியில் 40-க்குப் பதில் எழுதினால் போதும். 2025-ல் அது ஐந்து பாடம் ஆனது, 50 கேள்வியும் கட்டாயம், ஒரு மணி நேரம்தான். சரியான பதிலுக்கு 5, தப்பினால் 1 போய்விடும். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இயற்பியல் மாதிரித் தாள் ஒன்று, கெமிஸ்ட்ரி ஒன்று எழுதிப் பார். ஒருவேளை கெமிஸ்ட்ரிதான் கூட வந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் க்யூட் மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறது, அதற்கும் போட்டுவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கு வேண்டிய பாடங்களைத் தானே முடிவுசெய்வதால் இரண்டின் இந்த வருட அறிக்கையையும் படித்துவிட்டுப் படிவத்தைத் தொடு. அதில் கேள்வித்தாள் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்பார்கள். நீ தமிழ் மீடியம், தமிழ் என்றே கொடு.