டான்சிலை எடுத்த பிறகும் தொண்டை வலி ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் கம்பம். தினமும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். சின்ன வயதிலேயே டான்சிலை எடுத்துவிட்டார்கள். இருந்தும் சாரல் தொடங்கினால் தொண்டை கட்டி, வலி வந்துவிடுகிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு நாள் போட்டால் கேட்கிறது. டான்சில் இல்லாததால் எதிர்ப்பு சக்தி போய்விட்டதா?

பதில்: போகவில்லை. அந்தப் பயமே வேண்டாம். டான்சில் போன்ற நிணநீர்த் திசு நாக்கின் பின்பகுதியிலும் மூக்குக்குப் பின்னாலும் தொண்டைச் சுவரிலும் இருக்கிறது. அதெல்லாம் உங்களிடம் பத்திரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆபரேஷனால் டான்சிலில் சீழ் பிடிப்பது நின்றது. தொண்டையின் உள்தோல் அப்படியேதான் இருக்கிறது. கிருமி பட்டால் அது வீங்கும், வலிக்கும்.

சாரல் காலத்தில் ஏன் என்றால், மலைக் குளிரை விட ஜீப்பைத்தான் நான் சந்தேகப்படுவேன். தார்ப்பாயை இறக்கிவிட்டு, முழங்கால் இடிக்க நெருக்கி உட்கார்ந்து போகிறீர்கள். ஒருவர் இருமினால் போதும். முடிந்தால் ஓரத்துத் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். சளி பிடித்தவர் மாஸ்க் போடட்டும். தண்ணீர் பாட்டிலை மாற்றிக் குடிக்காதீர்கள்.

அப்புறம் அந்த ஆன்டிபயாடிக். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸ். மாத்திரை போடாவிட்டாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். உங்களுக்குக் கேட்டது மாத்திரை அல்ல, நாள்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இருமலே இல்லாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறி, விழுங்க முடியாத வலி என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். டான்சில் இல்லாதவர்களுக்கும் அது வரும். டாக்டர் பார்த்துப் பென்சிலின் வகை மருந்து கொடுத்தால், வழக்கமாக 10 நாள், முழுவதும் சாப்பிட வேண்டும். ரெண்டு நாளில் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. வீட்டில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றி, சரியாகக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வையே கெடுத்துவிடும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் மட்டும், காய்ச்சல் இல்லாமல் தொண்டை எரிகிறதா? அப்படியானால் அது கிருமி அல்ல, புகைச்சல். முந்தானையால் மூடினால் மருந்து நிற்காது. அடித்த பகுதிக்குள் அன்றைக்குப் போகாமல் வேறு பக்கம் வேலை கேளுங்கள். காலையில் மட்டும் கரகரப்பு, நெஞ்செரிச்சல் என்றால் வயிற்று அமிலம் மேலேறுவதாக இருக்கலாம்.

வாய் திறக்க முடியாவிட்டாலோ, எச்சில் கூட விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கழுத்தில் கட்டி கரையாமல் இருந்தாலோ, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.