14 வயது மகன் ஒரே வாரத்தில் 4 கிலோ எடையைக் குறைக்கலாமா?

மற்போர்ப் போட்டியில் கீழ் எடைப் பிரிவில் இறங்குவதற்காக உங்கள் 14 வயது மகனை ஒரு வாரத்தில் 4 கிலோ குறைக்கச் சொல்கிறார் பயிற்றுநர், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதிக்காதீர்கள். உங்கள் மகனும் குறைப்பதற்குக் கொழுப்பே இல்லாத ஒல்லிப் பையனாகத்தான் இருப்பான் என்று நினைக்கிறேன். என் மகனும் அப்படித்தான்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகன் படிவம் மூன்றில் படித்தபோது, ஒருநாள் மாலை மற்போர்ப் பயிற்சி முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடத் தெம்பில்லாமல் நின்றான். கண் குழிந்து, உதடு வெடித்திருந்தது. மழைக்கோட்டை மாட்டித் திடலைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது, எச்சிலையும் போத்தலில் துப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வீட்டில் அவன் அம்மா ஊற்றிக் கொடுத்த ரசத்தைக்கூட, "எடை ஏறிடும்மா" என்று தள்ளிவிட்டான்.

மறுநாளே அவனுடைய பயிற்றுநர் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். "எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க அண்ணே, எடை பார்த்ததும் சாப்பிட்டா சரியாயிடும்" என்றார். அவரைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் வாங்காமல் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் அவர் சொன்னது தவறு.

ஒரு வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் கொழுப்பன்று, உடலின் நீர். நீர் குறையும்போது இரத்தத்தின் அளவும் குறைவதால் இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மழைக்கோட்டுக்குள் வியர்வை காயவே வழியில்லாததால் உடற்சூடு ஏறிக்கொண்டே போகும். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் கல்லூரி மற்போர் வீரர்கள் மூவர் இவ்வாறு எடை குறைக்கும்போது ஐந்து வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. அங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது விதி. 50 கிலோ பையனுக்கு அது முக்கால் கிலோ; உங்களிடம் கேட்பதோ நான்கு.

எடை பார்த்தபின் சாப்பிட்டுத் தேறலாம் என்பதும் இப்போது செல்லாது. அனைத்துலகப் போட்டிகளில் 2018 முதல் போட்டி நாள் காலையில்தான் எடை பார்க்கிறார்கள், இரண்டாம் நாளும் பார்க்கிறார்கள். மருத்துவரும் உணவியலாளரும் உடனிருந்த இந்திய மற்போர் வீராங்கனை வினேஷ் போகாட்டே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தார். நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? என் மகன் போன போட்டியில் எடையைக் குறித்துக்கொள்ள ஆளிருந்தது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஒருவருமில்லை. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அவன் தன் எடையிலேயே இறங்கி இரண்டாம் சுற்றில் தோற்றான். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறேன் என்று பேசினார்கள், பேசட்டும். முட்டையும் பருப்பும் மீனும் வயிறாரச் சாப்பிட்டு, அடுத்த ஆண்டு மேல் பிரிவில் இறங்கி வெள்ளி வாங்கினான். சாப்பிட்டதால் மட்டுமே வென்றான் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிச் சுற்றுவரை அவன் கால் தளரவில்லை.

மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள், மாணவர்கள் முன்னால் அவரால் இறங்கிவர முடியாது. மகனைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது, அதை அவன் குடித்தே ஆக வேண்டும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.